கிரேஸ் தோட்டத்துப் பூசணிக்காய்

விக்கிரமசிங்கபுரம் பஞ்சாலையின் டைம் ஆபீஸில் ஆயுசில் பாதியைக் கழித்த தேவதாசன், ஓய்வு பெற்ற பிறகு கேக் சுட ஆரம்பித்தார். தெருவில் யாரும் இதை நம்பவில்லை. வேலையில் இருந்தவரை வெந்நீர்கூட வைக்கத் தெரியாத மனிதர் அவர். மகள் ஸ்வீட்லின் ஓசூரில் வீடு மாற்றும்போது தன் பழைய ஓவனை அம்மாவுக்கென்று அனுப்பி வைத்தாள். அம்மா அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. அப்பாதான் சும்மா இருக்கமாட்டாமல் சுவிட்சைப் போட்டுப் பார்த்தார். உள்ளே கம்பி சிவக்கச் சிவக்க மனிதருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது.

அன்றிலிருந்து சமையலறையில் பாதி அவருடையது. மொட்டைமாடி முழுவதும் அதற்கு முன்பே மனைவி கிரேஸுக்குச் சொந்தமாகியிருந்தது. ஒரே வீட்டில் இரண்டு ராஜ்யங்கள். முட்டை ஓட்டை நொறுக்கி மாடிக்கு அனுப்புவது இவர்; புதினாவும் எலுமிச்சை இலையும் கீழே இறக்குவது அவள். கொடுக்கல் வாங்கல் அவ்வளவுதான். ஒருவர் ராஜ்யத்துக்குள் மற்றவர் மூக்கை நுழைப்பதில்லை என்று இருவருமே சொல்லிக்கொள்வார்கள். அதில் உண்மை கொஞ்சம்தான்.

கேக் சுடுவதற்கு இந்த ஊரைப் போல ஒரு தோதில்லாத ஊர் கிடையாது என்பது தேவதாசனின் முடிந்த முடிவு. பாபநாசத்து மலை வீட்டுக்குப் பின்னாலேயே நிற்கிறது. சாரல் மாதங்களில் சீனி டப்பாவுக்குள்ளேயே கசியும், மைதா கட்டிபிடிக்கும். காற்று பலத்தால் கரண்டு போகும். கரண்டு போனால் பொங்கி வருகிற கேக் அப்படியே உட்கார்ந்துவிடும். அவர் மின்வாரியத்தைத் திட்டுவார். கிரேஸ், "சோடா உப்பைக் கொட்டிட்டு லைன்மேனை ஏசுனா எப்படி?" என்பாள். அதுவும் ஒருவகையில் சரிதான். அளவுக் கரண்டியை அவர் மதிப்பதில்லை. மில் சங்கு ஊதும்போது உள்ளே வைத்து, மணத்தைப் பார்த்து வெளியே எடுப்பது அவர் முறை. மூக்கடைப்பு உள்ள நாட்களில் கேக் கருகியது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எப்போதாவது ஒன்று சரியாக வந்துவிட்டால் அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு தடவை பிரெட் பஞ்சுபோல் வந்துவிட்டது. தட்டில் அடுக்கித் தெருக்கோடிவரை போய் வீடு வீடாகக் காட்டினார். சாப்பிடக் கொடுக்கவில்லை, காட்ட மட்டும்தான் செய்தார். அந்த நிறைவில் ஒரு வாரம் ஓடியது.

கிரேஸின் பாடு இதைவிட மோசம். அவளுக்கு எதிரி வானமோ கரண்டோ அல்ல, குரங்கு. மலையிலிருந்து இறங்கும் கூட்டம் முதலில் அவள் மாடிக்கு வந்துவிட்டுத்தான் மற்ற வீடுகளுக்குப் போகும். தக்காளி சிவக்கும் நாளை அவளைவிட அவை நன்றாக அறிந்திருந்தன. பாகற்காயைக்கூடப் பறித்து, ஒரு கடி கடித்து, முகத்தைச் சுளித்து அவள் கண்ணெதிரிலேயே எறிந்துவிட்டுப் போகும். கண்ணாடி கட்டித் தொங்கவிட்டாள். உட்கார்ந்து முகம் பார்த்தன. ரப்பர் பாம்பு வாங்கிப் போட்டாள். ஒரு குட்டி அதைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டது. அவள் அழுதேவிட்டாள். "பாம்பைக் கொண்டுபோனதுக்கா அழுத?" என்று தேவதாசன் கேட்டார். அன்று இரவு அவருக்கு ரசம் மட்டும்தான்.

விளையாட்டாகச் சொன்னாலும் அந்த அழுகைக்குள் வேறொன்று இருந்தது. அது அவருக்குத் தெரியாததும் அல்ல. ஒவ்வொரு வருஷமும் மழை தொடங்கும் சமயத்தில் அவர்கள் கோயிலில் ஸ்தோத்திரப் பண்டிகை வரும். அந்த ஊர்க் கிறிஸ்தவர்கள் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். வயலில், தோட்டத்தில், வீட்டில் விளைந்ததை ஆளுக்கொன்று கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் அத்தனையும் ஏலத்துக்கு வரும். ஏலம் விடுவது எஸ்றா. தொழில் தையல், தொண்டை வெண்கலம். வெறுமனே கடையில் வாங்கிக் கொடுத்த பொருளென்றால், "இன்னார் காணிக்கை" என்று சொல்லி ஏலக் கேள்வியை ஆரம்பித்துவிடுவான். சொந்தமாக விளைந்தது என்றால் மட்டும் பொருளை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கி, "இன்னார் வீட்டுத் தோட்டத்துல வெளைஞ்சது!" என்று முழங்குவான். கூட்டம் திரும்பி அந்த இன்னாரைப் பார்க்கும்.

அடுத்த தெரு ஜெபராணிக்கு வருஷம் தவறாமல் அந்த முழக்கம் கிடைத்தது. அவள் வீட்டில் நாய் உண்டு, குரங்கு எட்டிப் பார்க்காது. கிரேஸ் மாடித்தோட்டம் போட்டு எத்தனையோ வருஷமாகியும் அம்பாசமுத்திரம் சந்தையில் வாங்கிய காயைத்தான் கொண்டுபோனாள். "கிரேஸம்மா காணிக்கை" என்று எஸ்றா சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்ததுக்குப் போவான். அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொள்வாள். ஒரே ஒரு தடவை அந்த முழக்கம் தன் பெயரில் விழ வேண்டும். அவளுக்கு ஆசை அவ்வளவுதான்.

அந்த ஏலத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. எடுத்தவர் விரும்பினால் பணத்தைக் கட்டிவிட்டுப் பொருளை மேசைக்கே திருப்பிக் கொடுக்கலாம். அது மறுபடியும் ஏலத்துக்கு வரும். நல்ல சேவல், பெரிய வாழைத்தார் என்றால் இரண்டு மூன்று சுற்று சுற்றும். கோயிலுக்கும் வருமானம், கொடுத்தவருக்கும் பெருமை. தேவதாசன் போன வருஷம் கொடுத்த கேக் சுற்றவில்லை. எஸ்றாவே இரக்கப்பட்டு எடுத்துக்கொண்டு போனான். மறுவாரம் எதிரில் வந்தபோது, "அண்ணாச்சி, கேக்கு அருமை. நனைய வச்சுத்தான் தின்னோம்" என்றான். அந்தப் பேச்சு ஊர் முழுவதும் பரவி, இன்னும் ஓயவில்லை.

இந்த வருஷம் கிரேஸின் மாடியில் மஞ்சள் பூசணி ஒன்று பிடித்தது. கொடியில் ஆண்பூவாகப் பூத்துப் பூத்து ஏமாற்றிக்கொண்டிருந்தபோது ஒரு காலையில் ஒரு பெண்பூ. அவளே மகரந்தத்தைத் தொட்டு வைத்தாள். பிஞ்சு நின்றது. உடனே போய்க் கோழி கவிழ்க்கும் பஞ்சாரம் ஒன்று வாங்கிவந்து அதன்மேல் கவிழ்த்து, உச்சியில் அம்மிக் குழவியைப் பாரமாக வைத்தாள். குரங்குகள் சுற்றிச்சுற்றி வந்தன. ஒன்று இடுக்குவழியே கையைவிட்டுப் பிறாண்டியது. தழும்பு விழுந்ததே தவிரக் காய் தப்பித்தது. பஞ்சாரத்துக்குள் நெருக்கியே வளர்ந்ததால் ஒரு பக்கம் சப்பையாகி, மூங்கில் பட்டைகளின் தடம் கட்டம் கட்டமாகப் பதிந்திருந்தது. அழகு என்று சொல்ல முடியாது. ஒரு கையால் தூக்கிவிடலாம். கிரேஸ் தினம் மூன்று தடவை மாடியேறிப் பஞ்சாரத்துக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

பண்டிகைக்கு முந்தின நாள், சனிக்கிழமை காலையில், காம்போடு அறுத்துக் கீழே கொண்டுவந்து சமையலறைத் திட்டில் வைத்தாள். முன்னறையில் வேதாகமம் இருக்கும் மேசைக்கடியில் இன்னொரு பூசணி ஏற்கெனவே இருந்தது. குரங்கு கடைசி நேரத்தில் கவிழ்த்துவிடுமோ என்ற பயத்தில் இரண்டு நாள் முன்பே சந்தையில் வாங்கிப் போட்டது. உருண்டு திரண்டு, மெழுகு பூசியது போல் மினுங்கியது. எது எதற்கு என்று அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. இத்தனை நாளும் மாடிப்படி ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்குத் தெரியாதா?

மதியம் பெண்களெல்லாம் கோயிலைக் கூட்டித் தோரணம் கட்டப் போனபோது அவளும் போனாள். தேவதாசன் இரண்டு பூசணிகளையும் பார்த்தார். யோசிக்காமல் ஒன்றும் செய்யவில்லை, யோசித்துத்தான் செய்தார். கட்டினதிலிருந்து இவளை அவருக்குத் தெரியும். காணிக்கைப் பையில் போடும் நோட்டில் ஒரு மடிப்பு இருந்தால்கூட மாற்றிக் கேட்பாள். ஒரு முட்டை கொடுப்பதானாலும் கூடையில் பெரியதாகப் பார்த்துத்தான் எடுப்பாள். பழுதில்லாததுதான் ஆண்டவருக்கு, மிச்சம்தான் நமக்கு என்று அந்த வீட்டில் சட்டமே உண்டு. எஸ்றாவின் முழக்கத்துக்கு எவ்வளவு ஆசை இருந்தாலும், அப்படிப்பட்டவள் குரங்கு பிறாண்டிய சப்பைக் காயையா கோயிலுக்குக் கொண்டுபோவாள்? மேசைக்கடியில் இருக்கும் அழகுதான் கோயிலுக்கு. இது வீட்டுக்கு.

வீட்டுக்கு என்றால் சாம்பாருக்குப் போய்விடும். அது அவருக்குப் பொறுக்கவில்லை. அவ்வளவு பாடுபட்டு ஒரே ஒரு காய் எடுத்திருக்கிறாள், அதைத் துவரம்பருப்போடு கொதிக்கவிடுவதா? அவள் வரும்போது மேசைமேல் அவள் பூசணியிலேயே ஒரு கேக் இருக்க வேண்டும். நினைக்கும்போதே அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. கத்தியை எடுத்தார்.

தோலைச் சீவி, முழுவதையும் துருவி, கருப்பட்டி தட்டிப்போட்டு, ஏலம் பொடித்து, அன்றைக்கு அளவுக் கரண்டியைக்கூடத் தேடி எடுத்து மாவு கலந்தார். விதைகளை மட்டும் கழுவிச் செய்தித்தாளில் பரப்பினார். விதையைத் தூர எறிந்தால் அவள் விடமாட்டாள். சங்கு ஊதியது. கேக் உள்ளே போனது. பொங்கத் தொடங்கி, மேலே பொன்னிறம் படரும் நேரத்தில் மலைப்பக்கம் ஒரு இடி. கரண்டு போனது. அவர் ஓவனைத் திறக்கவே இல்லை. கதவில் கையை வைத்தபடி, வலி எடுத்த பெண்ணுக்கு வெளியே நிற்கும் புருஷனைப் போல் நின்றார். கரண்டு வந்தபோது கேக்கின் நடுவில் கிணறு விழுந்திருந்தது.

மழை விட்டதும் கிரேஸ் வந்தாள். வாசலிலேயே மணத்தைப் பிடித்துவிட்டாள்.

"என்னது, பூசணிக்கா வாசம் வருது?"

"வந்து பாருட்டி" என்றார் அவர், குரலில் பெருமையை அடக்கிக்கொண்டு. "நடுவுல கொஞ்சம் உக்காந்துட்டு. ஆனா மணத்தைப் பாரு."

அவள் கேக்கைப் பார்க்கவில்லை. திட்டைப் பார்த்தாள். பிறகு செய்தித்தாளில் கிடந்த விதைகளைப் பார்த்தாள்.

"அதையா வெட்டுனிய?"

"ஆமா. பெரிசுதான் கோயிலுக்குன்னு அங்கன வச்சிருக்கியே."

"அது குரங்கு தின்னுட்டா என்ன செய்யன்னு வாங்குனது" என்றாள். குரல் உயரவில்லை. "இதத்தான் கோயிலுக்குக் கொண்டுபோகணும்னு இருந்தேன்."

"சப்பையா, தழும்போட... நீதான எப்பவும் நல்லதா பாத்துக் குடுக்கணும்னு சொல்லுதது?"

"கடையில வாங்குததுக்குத்தான் அழகு பாக்கணும். நம்ம கையால வெளைஞ்சதுக்குமா?" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். மழை பெய்து ஓய்ந்த செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அவள் ஏசியிருந்தால் அவர் பதிலுக்கு ஏசியிருப்பார். ரசம் மட்டும் வைத்திருந்தால்கூடப் பரவாயில்லை. அன்று மீன்குழம்பே வைத்திருந்தாள். அதுதான் அவரை அதிகம் உறுத்தியது. குரங்கிடமிருந்து காப்பாற்றியதைப் புருஷனிடமிருந்து காப்பாற்ற முடியவில்லையே என்று அவள் நினைக்கிறாளோ என்று நினைத்தார். நினைத்திருந்தால் அதில் தப்பும் இல்லை.

காலையில் கிரேஸ் சந்தைப் பூசணியைப் பைக்குள் வைத்தாள். தேவதாசன் ஒரு எவர்சில்வர் தட்டில் கேக்கை வைத்துத் துணியால் மூடி எடுத்துக்கொண்டார்.

"அது எதுக்கு?"

"கெடக்கட்டும்."

"போன வருசம் சிரிச்சது போதாதா?" என்றாள். அவர் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

ஆராதனை முடிந்து ஏலம் தொடங்கியது. கரும்பு போயிற்று, தேங்காய் போயிற்று, ஜெபராணி வீட்டுத் தோட்டத்தில் விளைந்த சேனை வழக்கம்போல் தலைக்குமேல் ஏறி இறங்கிப் போயிற்று. சந்தைப் பூசணியும் "கிரேஸம்மா காணிக்கை" என்று வந்து ஒரே சுற்றில் போயிற்று. பெண்கள் பக்கம் நாற்காலியில் இருந்த கிரேஸ் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். பிறகு எஸ்றா துணியை விலக்கிப் பார்த்தான்.

"வந்துட்டுல்லா! டைம் ஆபீஸ் கேக்கு! யாருக்குப் பல்லு உறுதியா இருக்கோ அவுக கையத் தூக்குங்க!"

கூட்டம் சிரித்தது. தேவதாசன் எழுந்தார். ஆயிரம் பேர் வருகையைக் கணக்கு வைத்தவர்தான், ஆனால் அத்தனை பேர் முன்னால் வாய் திறந்து பேசியதில்லை.

"எஸ்றா, கொஞ்சம் நில்லுடே. அது கேக்கு இல்ல."

"பெறவு என்னது அண்ணாச்சி?"

"பூசணிக்கா. கிரேஸு மாடியில காய்ச்ச மொதக் காயி. குரங்குகிட்ட இருந்து எப்படிக் காப்பாத்துனான்னு எனக்குத்தான் தெரியும். கோயிலுக்குன்னு வச்சிருந்தா. நான் வெவரம் இல்லாம வெட்டி மாவுல போட்டுட்டேன். அதனால நீ கேக்குன்னு சொல்லி விக்காத. பூசணிக்கான்னு சொல்லு."

பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ களுக்கென்று சிரிக்க, மரத்தடியே குலுங்கியது. கிரேஸ் தலையைக் குனிந்துகொண்டாள். இருந்ததையும் கெடுத்துவிட்டோம் என்று தேவதாசனுக்கு உடம்பெல்லாம் கூசியது. உட்காரவும் முடியாமல் நின்றார்.

எஸ்றா மட்டும் சிரிக்கவில்லை. தட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தலைக்குமேல் தூக்கினான்.

"கிரேஸம்மா வீட்டுத் தோட்டத்துல வெளைஞ்ச பூசணிக்கா! மொதப் பலன்! கேளுங்க!"

ஜெபராணிதான் முதலில் கேட்டாள். வேறு இரண்டு பேர் விலையை ஏற்றிவிட, கடைசியில் அவளே எடுத்தாள். பக்கத்தில் வந்து கேக்கை ஒரு பார்வை பார்த்தாள். நடுக்கிணற்றையும் பார்த்தாள். "நல்லா இருக்கட்டும். மறுபடியும் விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தாள். மறுபடியும் தட்டு தலைக்குமேல் போனது. "கிரேஸம்மா வீட்டுத் தோட்டத்துல வெளைஞ்ச பூசணிக்கா!" மில்லில் மேஸ்திரியாக இருந்த ஒருவர் எடுத்தார். பல்செட் மாட்டி ஒரு வாரம்தான் ஆகிறது என்று திருப்பிக் கொடுத்தார். மூன்றாவது சுற்றில் கோயிலின் போதகர் ஐயரே எடுத்தார். தனக்குச் சர்க்கரை இருப்பதாகச் சொல்லி அவரும் மேசைக்கே அனுப்பிவிட்டார்.

தேவதாசனுக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. இது சேவல் சுற்றுகிற சுற்று அல்ல. காணிக்கை கொடுக்க எல்லோருக்கும் மனசிருக்கிறது, தின்னத்தான் ஒருவருக்கும் தைரியமில்லை. சுருக்கென்று கோபம் வந்தது. கருப்பட்டி போட்டு, அளந்து செய்த கேக்! யாராவது ஒரு விள்ளல் வாயில் போட்டுப் பார்த்தால் என்ன? கோபத்தோடு கிரேஸைப் பார்த்தார். அவள் குனிந்த தலை நிமிர்ந்திருந்தது. ஒவ்வொரு முழக்கத்துக்கும் கூட்டம் திரும்பி அவளைப் பார்த்தது. நாலாவது தடவை எஸ்றா கத்தும்போது அவள் உதடும் கூடவே அசைந்ததை அவர் பார்த்தார். கோபம் போன இடம் தெரியவில்லை. இன்னும் பத்துப் பேருக்குப் பல்செட் இருக்கக்கூடாதா என்று தோன்றியது.

அந்தச் சுற்றில் கிரேஸ் தானே கையைத் தூக்கினாள். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. எஸ்றா மூன்று தரம் சொல்லித் தட்டை அவளிடமே கொண்டுவந்து கொடுத்தான். அவள் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஸ்கூட்டரில் தட்டை மடியில் வைத்துப் பிடித்தபடி பின்னால் உட்கார்ந்து வந்தாள். வீட்டுக்கு வந்ததும் சேலைகூட மாற்றாமல் கத்தியை எடுத்து ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டு மென்றாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நடுவுல வேகல" என்றாள்.

"கரண்டு போயிட்டுட்டி."

"தெரியும்."

இன்னொரு துண்டு வெட்டிக்கொண்டாள். செய்தித்தாளில் காய்ந்திருந்த விதைகளில் தடித்தவையாகப் பார்த்துத் தனியாக ஒதுக்கினாள். ஒதுக்கிக்கொண்டே சொன்னாள்:

"அடுத்த வருசமும் காய்ச்சா நீங்களே வெட்டிச் செய்ங்க. இப்படியே வேகாம எடுத்துருங்க. நல்லா வெந்துட்டுன்னா மொதச் சுத்துலயே எவளாவது வீட்டுக்குக் கொண்டுட்டுப் போயிருவா."